கண்ணாடி பேனலா, எடை குறைந்த பேனலா? வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சோலார் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் இப்போது ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருக்குத் தகரக் கூரை போட்ட கொட்டகை, இன்னொருவருக்கு வேன், மற்றொருவருக்குச் சின்னப் படகு. ஒரு பக்கம் கனமான கண்ணாடி பேனல். இன்னொரு பக்கம் அட்டை மாதிரி வளைகிற, ஒரே கையில் தூக்கக்கூடிய எடை குறைந்த பேனல். விளம்பரத்தில் இரண்டும் 100 வாட் என்றுதான் போட்டிருக்கும். அப்படியானால் எடை குறைந்ததை வாங்குவதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும், எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். கண்ணாடியைத் தாங்க முடியாத இடத்துக்குத்தான் எடை குறைந்த பேனல், தாங்க முடிகிற இடத்துக்குக் கண்ணாடிதான். இதை வெறுமனே சொன்னால் போதாது, ஏன் என்று புரிந்தால்தான் உங்கள் கூரை எந்தப் பக்கம் என்று நீங்களே முடிவு செய்ய முடியும்.

## எடை எங்கே இருக்கிறது

சாதாரண சோலார் பேனலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே 3.2 மி.மீ. தடிமனில் கண்ணாடி, அதற்குக் கீழே இ.வி.ஏ. என்கிற ஒட்டும் பிளாஸ்டிக், நடுவில் சிலிக்கான் செல், மறுபடி இ.வி.ஏ., கடைசியில் பின்தாள், சுற்றிலும் அலுமினியச் சட்டம். இதில் மின்சாரம் தயாரிப்பது செல் மட்டும்தான். அதன் தடிமன் சுமார் 0.16 மி.மீ., ஒரு சதுர மீட்டர் செல்லை நிறுத்துப் பார்த்தால் அரைக் கிலோகூட வராது. கண்ணாடி மட்டும் சதுர மீட்டருக்கு 8 கிலோ. சட்டத்தையும் சேர்த்து முழு பேனல் 11 கிலோ அளவுக்கு வரும். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த வகை இன்னும் கனம்.

ஆக, நாம் தூக்கிச் சுமப்பது மின்சாரம் தயாரிக்கிற பொருளை இல்லை, அதன் பாதுகாப்பு உறையை. எடை குறைந்த பேனல் தயாரிப்பவர்கள் செய்வது இந்த உறையை மாற்றுவதுதான். கண்ணாடிக்குப் பதிலாக இ.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் படலம், அல்லது மலிவான வகைகளில் பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) படலம். பின்னால் மெல்லிய கண்ணாடி இழைப் பலகையோ பிளாஸ்டிக் தாளோ. சட்டம் கிடையாது. சதுர மீட்டருக்கு 2 முதல் 4 கிலோவுக்குள் முடிந்துவிடும். உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் கண்ணாடி பேனலில் இருக்கிற அதே சிலிக்கான் செல்தான், அதாவது வளையும் பேனல் என்பதால் உள்ளே ஏதோ வேறு தொழில்நுட்பம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

சரி, அந்த 8 கிலோ கண்ணாடி சும்மாவா உட்கார்ந்திருக்கிறது? ஈரத்தை உள்ளே விடாது, புற ஊதாக் கதிரில் மஞ்சளாகாது, கீறல் விழாது, செல் வளையாமல் பிடித்து வைக்கும், ஆலங்கட்டி விழுந்தால் தாங்கும். ஐ.இ.சி. 61215 என்ற தரச் சோதனையில் 25 மி.மீ. பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் பேனல் மேல் அடித்துப் பார்க்கிறார்கள், கண்ணாடி பேனல்கள் வழக்கமாக அதில் தேறிவிடுகின்றன. ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கிற விண்வெளியிலேயே பெரும்பாலான சோலார் செல்களின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டை ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். அங்கேயே முழுதாக விட முடியாத பொருளை நாம் விடும்போது பதிலுக்கு எதையாவது கொடுத்தே ஆக வேண்டும்.

## முதலில் எவற்றைப் பார்க்க வேண்டும்

கடைக்காரர் வாட், விலை என்று இரண்டைத்தான் சொல்வார். நான் பார்ப்பவை வேறு.

முதல் கேள்வி, அடியில் இருக்கும் பரப்பு எவ்வளவு எடையைத் தாங்கும், அது தட்டையா வளைவா. இரண்டாவது, பேனலுக்குக் கீழே காற்று ஓட இடம் இருக்குமா. இதைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், கீழே விரிவாகவே சொல்கிறேன். மூன்றாவது, எத்தனை வருடம் உழைக்க வேண்டும், அதற்கு முன்னால் கூரையையே மாற்ற வேண்டி வருமா. நான்காவது, இடம் எவ்வளவு இருக்கிறது. செயல்திறன் குறைந்த வகைக்கு அதே வாட்டுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் தேவைப்படும். ஐந்தாவது, நிழல் விழுமா. கடைசியாக, ஒரு நாள் பழுதானால் கழற்ற முடியுமா.

விலையை நான் தனியாகப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன எல்லாம் தெரிந்த பிறகு, மொத்த ஆயுளில் எத்தனை யூனிட் தரும் என்று பார்த்து அதால் வகுக்க வேண்டும். அப்போதுதான் உண்மை விலை தெரியும்.

## சாதாரண கண்ணாடி பேனல்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செயல்திறன் 20 சதவீதத்துக்கு மேல். 25 வருட உற்பத்தி உத்தரவாதம் என்பது இன்று சாதாரணம். வாட்டுக்கு வாட் மிகக் குறைந்த விலை. சட்டம் இருப்பதால் கீழே தானாகவே காற்று ஓடும். பழுதானால் நான்கு போல்ட்டைக் கழற்றி வேறு மாட்டலாம்.

மறைந்திருக்கும் செலவு முழுக்க பேனலுக்கு வெளியே இருக்கிறது. ரெயில், கிளாம்ப், தூக்கி ஏற்ற ஆள், துளை போட்ட இடங்களில் நீர்க்காப்பு. தட்டையான கூரையில் துளை போடாமல் வைத்தால், காற்று தூக்காமல் இருக்க கான்கிரீட் கட்டைகளைப் பாரம் வைக்க வேண்டும். அப்போது சதுர மீட்டருக்கு 11 கிலோ என்று நினைத்தது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். காற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பலர் கூரை பேனலின் எடையைத் தாங்குமா என்று மட்டும் பார்க்கிறார்கள், புயலில் பேனல் கூரையை மேல்நோக்கி இழுக்கும், அதைத் தாங்குமா என்று பார்ப்பதில்லை.

எங்கே இது சரி? கான்கிரீட் தளம், உறுதியான சரிவுக் கூரை, தரையில் நிறுவுவது, கொட்டகைக்குப் பக்கத்தில் தனியாக நான்கு கால் நட்டு நிறுத்துவது. இந்த நான்கில் ஏதாவது ஒன்று உங்களுக்குச் சாத்தியம் என்றால் தயங்காமல் கண்ணாடியையே எடுங்கள்.

## ஒட்டும் வகை: வளையும் சிலிக்கான் பேனல்

விற்பனையில் அதிகம் இருப்பதும், அதிகம் ஏமாற வைப்பதும் இதுதான்.

நண்பர் ஒருவரின் வேன் கூரையில் இரண்டு 100 வாட் வளையும் பேனல்களை நானே ஒட்டிக் கொடுத்தேன். தகரத்தை ஆல்கஹால் போட்டுத் துடைத்து, சீலன்ட் பசையைக் கோடு கோடாக இழுத்து, ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது. முதல் வருடம் அருமையாக ஓடியது. மூன்றாவது கோடையில் பேட்டரி மதியத்துக்குள் நிரம்பாமல் போனது. மேலே ஏறிப் பார்த்தால் பேனலின் பளபளப்பு போய் மேற்பரப்பு மங்கலாக இருந்தது, ஒரு செல்லின் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். தொட்டால் அந்த இடம் மட்டும் லேசாக மேடு தட்டியது. மத்தியான வெயிலில் அதன் மேல் விரலை வைக்க முடியவில்லை. இரண்டு பேனலும் சேர்ந்து 200 வாட்டில் பாதியைக்கூடத் தரவில்லை. ஒட்டியதைப் பிய்த்து எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று, இரண்டு இடத்தில் வேனின் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. விற்ற கடையில் கேட்டபோது ஒட்டிய முறை தவறு என்று வாரண்டியை மறுத்துவிட்டார்கள்.

கடைக்காரர் மேல் அப்போது கோபம் வந்தது. ஆனால் ஒட்டிய முறை தவறு என்பதில் உண்மை இருந்தது. நடந்தது இதுதான்.

பேனலின் வாட் கணக்கு செல்லின் வெப்பம் 25 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெயிலில் எந்தப் பேனலும் 25 டிகிரியில் இருக்காது. சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் சுமார் 0.35 சதவீத உற்பத்தியை இழக்கும். கீழே காற்றோடும் பேனல் 60 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 100 வாட் 88 ஆகும். அதே செல்லைத் தகரத்தோடு ஒட்டி 75 டிகிரிக்குப் போக விட்டால் 82 ஆகும். இந்த ஆறு வாட் பெரிய விஷயமில்லை. அந்தச் சூடு பிளாஸ்டிக்கை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். பசை, படலம், செல், தகரம் நான்கும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிந்து இரவில் சுருங்கும். தினமும் நடக்கிற இந்த இழுபறியில் படலம் உரியும், செல்களை இணைக்கும் பட்டைக் கம்பியின் பற்றாசு விடும், அந்த இடத்தில் மின்தடை ஏறும், அது மேலும் சூடாகும். நான் பார்த்த பழுப்பு வட்டம் இப்படி உண்டானதுதான்.

அதோடு மயிரிழை விரிசலும் சேர்ந்துகொள்ளும். சிலிக்கான் பளிங்கு மாதிரி, மெலிதாக இருந்தால் கொஞ்சம் வளையும், ஆனால் ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறும். பேனல் மேல் கால் வைத்தாலும், முட்டி போட்டாலும், பார்சலில் தாறுமாறாக மடங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் விழுந்த செல் மற்ற செல்களின் மின்னோட்டத்தைத் தடுத்து, தானே அடுப்பாகிவிடும். இதற்குத்தான் பைபாஸ் டயோட் வைக்கிறார்கள், பழுதான செல் வரிசையைத் தாண்டி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும். ஆனால் 32 செல் உள்ள பேனலில் இரண்டு டயோட்தான் இருக்கும் என்றால், ஒரே ஒரு செல் நிழலில் மாட்டினாலும் பாதிப் பேனல் போய்விடும். சில மலிவான பேனல்களில் டயோடே இருப்பதில்லை. வாங்கும் முன் இதை அவசியம் கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், சரியான வளையும் பேனல் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மேல் படலம் இ.டி.எஃப்.இ.யாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2001-ல் திறந்த ஈடன் புராஜெக்ட் தாவரக் கூடங்களின் ராட்சதக் குமிழ்க் கூரை இதே பொருள்தான், வெயிலைத் தாங்குவதில் பெட் படலம் இதன் பக்கத்தில்கூட வராது. பெட் என்றால் சில வருடத்தில் மஞ்சளாகி உரியும். அடுத்து, செல்லின் இரண்டு துருவமும் பின்பக்கத்திலேயே இருக்கிற வகை கிடைத்தால் அதை எடுங்கள். பின்னால் செம்பு பரவியிருப்பதால் செல்லில் விரிசல் விழுந்தாலும் துண்டுகளுக்கு இடையே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுவும்போது தகரத்தோடு நேராக ஒட்டாதீர்கள். உள்ளே நீளக் குழல்கள் ஓடுகிற பாலிகார்பனேட் ஷீட்டை நடுவில் வைத்து, குழல்களின் வாய் முன்னும் பின்னும் திறந்திருக்கும்படி விட்டால் காற்று ஓடும், எடையும் பெரிதாக ஏறாது. பேனலை ஷீட்டில் ஒட்டி, ஷீட்டை மட்டும் கூரையில் போல்ட் போட்டால் பின்னால் கழற்றவும் முடியும். நண்பரின் வேனில் இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம். அப்புறம், வளையும் என்றால் ஒரு திசையில் மட்டும்தான் வளையும். தாளைக் குழாயில் சுற்றலாம், பந்தில் ஒட்டினால் சுருங்கும். பேனலும் அப்படித்தான், கிண்ணம் மாதிரி இரு பக்கமும் வளைந்த பரப்பில் வலுக்கட்டாயமாக அழுத்தி ஒட்டினால் அன்றைக்கே செல் உடையும்.

## சுருட்டக்கூடிய மென்படலப் பேனல்

இதில் உள்ளே இருக்கும் பொருளே வேறு. சிலிக்கான் படிகம் ஒளியைச் சரியாக உறிஞ்ச நூறு மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. அளவுக்காவது தடிமன் வேண்டும். சி.ஐ.ஜி.எஸ். என்ற செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கலவைக்கு ஒன்றிரண்டு மைக்ரான் போதும். அவ்வளவு மெலிதான பூச்சை எஃகுத் தாள் மேலோ பிளாஸ்டிக் மேலோ படிய வைத்தால் நிஜமாகவே வளையும். விரிசல் பயம் மிகக் குறைவு, சூட்டில் உற்பத்தி குறைவதும் பெரும்பாலும் சற்று குறைவு.

குறை இரண்டு. இடம் அதிகம் பிடிக்கும், சி.ஐ.ஜி.எஸ். பேனல் 12 முதல் 17 சதவீதம், பழைய அமார்ஃபஸ் (படிக அமைப்பு இல்லாத) சிலிக்கான் வகை 6 முதல் 8 சதவீதம்தான். அதோடு அமார்ஃபஸ் வகை வெயிலில் வைத்த முதல் சில மாதங்களில் கணிசமாக உற்பத்தியை இழந்து அதன் பிறகுதான் நிலைக்கு வரும். 1977-ல் இதைக் கண்டறிந்த இருவரின் பெயரால் ஸ்டேப்ளர்–ரான்ஸ்கி விளைவு என்றே இதற்குப் பெயர்.

இரண்டாவது குறை தொழில் சம்பந்தப்பட்டது. சி.ஐ.ஜி.எஸ்.ஸுக்கு ஈரம் பரம எதிரி, ஓரத்தின் சீல் கொஞ்சம் விட்டாலும் கெடும். நல்ல சீல் போட்டால் விலை ஏறும். சிலிக்கான் விலை சரிந்தபோது இந்தத் துறையில் பல நிறுவனங்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உலோகக் கூரைகளில் ஒட்டும் நீளப் பட்டைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது யூனி-சோலார். எஃகுத் தாளில் அமார்ஃபஸ் சிலிக்கான், ஒவ்வொரு செல்லுக்கும் தனி பைபாஸ் டயோட் என்று நல்ல பொருள்தான். அதன் தாய் நிறுவனம் எனர்ஜி கன்வர்ஷன் டிவைசஸ் 2012-ல் திவாலானது. வாங்கியவர்கள் கையில் நீண்ட கால வாரண்டித் தாள் இருந்தது, பதில் சொல்ல ஆள்தான் இல்லை. அதனால் மென்படலத்தில் வாரண்டி எத்தனை வருடம் என்பதைவிட, கொடுப்பவர் எத்தனை வருடமாகத் தொழிலில் இருக்கிறார் என்று பாருங்கள்.

இடம் தாராளமாக இருந்து, பரப்பு நிஜமாகவே வளைந்திருந்து, அடிக்கடி சுருட்டி விரிக்க வேண்டும் என்றால் இது சிறந்தது. ராணுவக் கூடாரம், மீட்புப் பணி முகாம், துணிப் பந்தல் மாதிரி இடங்கள். பெரோவ்ஸ்கைட் என்ற புதிய வகை 2009-ல் 3.8 சதவீதத்தில் தொடங்கி ஆய்வகத்தில் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, மெலிதாகப் பூசவும் முடியும். ஆனால் ஈரத்திலும் சூட்டிலும் வருடக்கணக்கில் நிலைப்பதுதான் அதன் பெரிய சிக்கல், அதற்காகக் காத்திருந்து இப்போதைய முடிவைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டேன்.

## மடித்து எடுத்துப்போகும் பேனல்

துணிப்பை மாதிரி மடங்கி, விரித்தால் நான்கு பலகையாக நிற்கும். 100 வாட் வகை நான்கைந்து கிலோ இருக்கும். தினம் கூரையில் கிடந்து உழைக்கப் பிறந்தது இல்லை இது, அந்த வேலையைக் கொடுத்தால் துணி நைந்து, மடிப்பில் வயர் அறுந்துபோகும்.

இதன் பலம் சாய்வு. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும் காலை நேரத்தில், படுக்கையாகக் கிடக்கும் பேனல் மேல் விழும் நேரடி ஒளி, சூரியனைப் பார்த்து நிமிர்த்திய பேனலுக்குக் கிடைப்பதில் சரிபாதிதான். கூரையில் ஒட்டியதை நிமிர்த்த முடியாது, இதை முடியும். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு பேனலை மட்டும் வெயிலில் வைக்கலாம். கீழே காற்றும் ஓடும். எடை குறைந்த பேனல்களில் எனக்கு மனதாரப் பிடித்தது இதுதான், ஏனென்றால் வெயிலில் கிடக்கிற நேரம் குறைவு, அதனால் பிளாஸ்டிக் உறையின் பலவீனம் இதில் அவ்வளவாக வெளியே வராது.

ஆனாலும் 100 வாட் என்று போட்டதில் நல்ல வெயிலில் 70, 75 வந்தால் சந்தோஷப்படுங்கள். பேட்டரிக்கும் பேனலுக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்த மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் இருந்தால் இன்னும் குறையும். அது 18 வோல்ட் பேனலை 13 வோல்ட் பேட்டரியின் அளவுக்கு இழுத்துப் பிடித்துவிடும், மிச்ச வோல்ட் வீண். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அந்த வோல்ட்டையும் மின்னோட்டமாக மாற்றித் தரும். கூடுதல் பேனல் வாங்க நினைப்பவர்கள் முதலில் கன்ட்ரோலரைப் பாருங்கள், பல நேரம் அதிலேயே விஷயம் முடிந்துவிடும்.

## கண்ணாடி இல்லாத விறைப்பான பேனல்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வளையாது, ஆனால் கண்ணாடியும் கிடையாது. கண்ணாடி இழைக் கலவைப் பலகையில் செல்லைப் பதித்து சதுர மீட்டருக்கு 5, 6 கிலோவில் முடிக்கிறார்கள். செல் வளையாததால் விரிசல் குறைவு. பெரிய தொழிற்கூடக் கூரைகளைக் குறிவைத்து வருவது இந்த வகைதான், முறையான சோதனைச் சான்றும் நீண்ட வாரண்டியும் இதில்தான் எதிர்பார்க்கலாம். சில்லறைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது என்பது ஒரு தொல்லை.

## ஒரே பார்வையில்

| | கண்ணாடி | வளையும் சிலிக்கான் | மென்படலம் | மடிக்கும் வகை | விறைப்பான கலவை |
|---|---|---|---|---|---|
| எடை, சதுர மீட்டருக்கு | சுமார் 11 கிலோ | 2–4 கிலோ | 2–4 கிலோ | பையோடு சேர்த்து ஏறும் | 5–6 கிலோ |
| செயல்திறன் | 20–23 சதவீதம் | 18–22 சதவீதம் | 6–17 சதவீதம் | வளையும் வகை போலவே | கண்ணாடிக்குச் சற்றுக் கீழே |
| வளைவு | இல்லை | ஒரு திசையில், லேசாக | நன்றாக வளையும் | மடிப்பில் மட்டும் | இல்லை |
| நம்பக்கூடிய ஆயுள் | 25 வருடமும் மேலும் | மலிவானது 2–4, நல்லது 8–12 வருடம் | சீல் தரத்தைப் பொறுத்தது | பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது | வாரண்டியைப் படித்துப் பார்க்கவும் |
| மறைமுகச் செலவு | ரெயில், ஆள், கூரை பலம் | பசை, சூடு, பிய்த்து மாற்றுவது | கூடுதல் இடம் | திருட்டு, வயர் தேய்மானம் | கிடைப்பது அரிது |

## யூனிட் கணக்கு

100 வாட் பேனல் ஒன்று, ஒரு நாளைக்கு நான்கு மணி நேர முழு வெயில், வழியில் போகிற இழப்பு கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 0.3 யூனிட், வருடத்துக்கு ஏறக்குறைய 110 யூனிட். கண்ணாடி பேனல் ஒன்றின் விலையை 1 பங்கு என்று வையுங்கள், அதை நிறுவும் செலவு இன்னொரு பங்கு. மொத்தம் 2 பங்கு, 25 வருடம். வருடத்துக்கு 0.08 பங்கு.

வளையும் பேனல் வாட்டுக்கு வாட் இரண்டரை மடங்கு விலை, நிறுவும் செலவு ஒன்றுமே இல்லை என்று அதற்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 0.5 பங்கு, அதாவது கண்ணாடியைப் போல ஆறு மடங்கு. நல்ல வகை வாங்கி, காற்றோட்டமாக நிறுவி 12 வருடம் ஓட்டினால் 0.21 பங்கு, இப்போதும் இரண்டரை மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கு எப்போது தலைகீழாகும்? கண்ணாடியை நிறுவும் செலவு ஒரு பங்காக இல்லாமல் நாலைந்து பங்காக ஏறும்போது. கூரையின் பர்லின்களை (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை) மாற்ற வேண்டும், தூணுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், பொறியாளரின் சான்று வேண்டும் என்று வந்துவிட்டால் எடை குறைந்த பேனல் சட்டென்று மலிவாகிவிடும். இதுதான் இதன் நியாயமான இடம். உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

## எந்த இடத்துக்கு எது

வேன் அல்லது கேரவன்: 400 வாட்டுக்கு நான்கு கண்ணாடி பேனல் என்றால் சுமார் 28 கிலோ, வளையும் வகை 8 அல்லது 9 கிலோ. 20 கிலோ வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஆனால் அது ஒரு கேன் தண்ணீரின் எடை. கூரை தட்டையாக இருந்தால் கண்ணாடியையே மாட்டுங்கள், கீழே காற்று ஓடும், வண்டிக்குள்ளும் சூடு குறையும். கூரை கண்ணாடி இழையில் செய்ததாகவோ, மேலே உயர்த்தித் திறக்கிற வகையாகவோ இருந்தால், அதைத் தினம் கையால் தூக்க வேண்டும் என்றால், அங்கே எடை குறைந்தது சரி. வாரக் கடைசியில் மட்டும் பயணம் போகிறவர்கள் கூரையில் எதையும் ஒட்டாமல் மடிக்கும் பேனலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படகு: இங்கே உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகை ஆட்டும், அதனால் எடை குறைந்த பேனலுக்கு நியாயம் அதிகம். மிதித்து நடக்கிற இடத்தில் ஒட்டப் போகிறீர்கள் என்றால், மிதிக்கலாம் என்று தயாரித்தவரே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். பாய்மரக் கயிற்றின் நிழல் ஒரே கோடாகப் பேனல் மேல் விழும், அந்த ஒரு கோடு எவ்வளவு திருடும் என்று டயோட் பற்றிச் சொன்ன இடத்திலேயே பார்த்தோம். ஒரு பெரிய பேனலுக்குப் பதிலாக நான்கு சின்னப் பேனல்களைத் தனித்தனி கன்ட்ரோலரில் போடுவது படகுக்கு உகந்தது. உப்புக்காற்றில் முதலில் போவது பேனல் இல்லை, பேனலிலிருந்து வயர் கிளம்பும் ஜங்ஷன் பாக்ஸும் இணைப்பியும்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரிய கிடங்கு, தொழிற்கூடம்: 1000 சதுர மீட்டர் பேனல் போட்டால் கிட்டத்தட்ட 200 கிலோவாட். ரெயிலோடு சேர்த்துக் கண்ணாடி 13, 14 டன் வரும், விறைப்பான கலவைப் பேனல் 5, 6 டன்னில் முடியும். மெல்லிய தகரம் போட்ட கிடங்குகள் பலவற்றுக்கு இந்த எட்டு டன்தான் முடியும், முடியாது என்பதைத் தீர்மானிக்கிறது. கட்டமைப்புப் பொறியாளரைப் பார்க்காமல் இதில் இறங்கவே கூடாது. இரண்டு விஷயத்தைக் கூடுதலாகக் கேளுங்கள். தகரத்தின் மிச்ச ஆயுள் எவ்வளவு? பத்து வருடத்தில் மாற்ற வேண்டிய தகரத்தில் இருபது வருடப் பேனலை ஒட்டினால் தகரத்தோடு பேனலும் குப்பைக்குத்தான் போகும். இன்னொன்று தீ. பிளாஸ்டிக் உறை கண்ணாடியைவிட எளிதில் பற்றும், கூரையோடு ஒட்டியிருக்கும்போது இடைவெளியும் இல்லை. தீத் தரச் சான்று அந்தப் பேனலுக்கு மட்டும் இருந்தால் போதாது, உங்கள் கூரைப் பொருளோடு சேர்த்துச் சோதித்ததா என்று கேளுங்கள், காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

ஒவ்வொரு கிராமும் உயிராக இருக்கிற இடங்கள் தனி ரகம். 2015-லும் 2016-லும் சேர்த்து சூரிய ஒளியால் மட்டும் உலகைச் சுற்றி வந்த சோலார் இம்பல்ஸ் 2 விமானத்தில் 135 மைக்ரான் தடிமனில் 17,248 செல்கள் இருந்தன, 72 மீட்டர் இறக்கை வைத்த அந்த விமானத்தின் மொத்த எடையே 2.3 டன்தான். அங்கே கண்ணாடி பேனல் என்ற பேச்சுக்கே இடமில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2021 முதல் பொருத்திய புதிய சோலார் விரிப்புகள் பாய் மாதிரி சுருட்டிப் போய் அங்கே விரித்தவைதான்.

முதலில் சொன்ன அந்தத் தகரக் கொட்டகைக்காரருக்கு என்ன சொன்னேன் என்றால், கூரையையே விட்டுவிடுங்கள் என்றேன். கொட்டகைக்குப் பின்னால் வெயில் படுகிற காலி நிலம் இருந்தது. அங்கே இரும்புக் கால் நட்டு இரண்டு சாதாரணக் கண்ணாடி பேனல்களைச் சாய்த்து நிறுத்தி, வயரைக் குழாய்க்குள் விட்டு உள்ளே கொண்டுவந்தோம். தூசி படிந்தால் ஏணி இல்லாமல் தரையில் நின்றபடியே துடைக்கிறார்.